மாப்பிள்ளை சொன்ன புது மாடல்

எங்கள் வீட்டுக்குள் எந்தச் சாமானும் கடையிலிருந்து நேராக வந்ததில்லை. ராஜகுளம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வரும். ராஜகுளத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தார். தொண்ணூறுகளின் கடைசியில், உத்திரமேரூரைச் சுற்றிய கிராமத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போட்டுப் பிழைக்கிற குடும்பத்துக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை கிடைத்தால் தலைகால் புரியுமா? எங்களுக்கும் புரியவில்லை. மிக்சி வாங்குவதானாலும் மோட்டார் மாற்றுவதானாலும், "மாப்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்பாள் அம்மா. அவரும் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார். "இப்ப வேணாம். புதுசு வருது."

அந்த மனிதருக்குக் கையில் இருக்கிற பொருள் மேல் மதிப்பே கிடையாது. வரப்போகிற பொருள்தான் பொருள். எங்கிருந்தோ ஆங்கிலப் பத்திரிகைகள் வாங்கிப் படிப்பார். அமெரிக்காவில் என்ன வருகிறது, ஜப்பானில் என்ன வருகிறது என்று எங்கள் வீட்டு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சொல்வார். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் வருமா வராதா என்பதே எங்களுக்குத் தெரியாது. நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கைகட்டிக்கொண்டு கேட்பார்.

ஒரே ஒரு முறை நைனா அவர் பேச்சை மீறினார். தம்பிக்காக ஒரு டிவி. "வேணாம் மாமா, பிளாட் டிவி வருது, பொறுங்க" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். தம்பி பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பொறுக்க முடியாமல் நைனா சாதாரண டிவி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சேதி ராஜகுளத்துக்குப் போயிற்று. அடுத்த பஸ்ஸில் அக்கா பையோடு வந்து இறங்கினாள். "என் பேச்சுக்கு உங்க வூட்ல இன்னா மரியாதை கீதுன்னு கேக்கறாரு நைனா. மரியாதை வந்தப்புறம் வந்தா போதுமாம்." ஊர்க்காரர்களிடம் ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்தோம். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. கடைசியில் நைனா பழத்தட்டோடு ராஜகுளம் போய், வாசலில் நின்று, தப்புதான் மாப்ள என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவை அனுப்பி வைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு டார்ச் லைட் வாங்கக்கூட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்குக் கீழே பிறந்தவன்; அக்கா அவனுக்குப் பெரியக்கா, நான் சின்னக்கா. ஓடிக்கொண்டிருந்த பையன், விழ ஆரம்பித்தான். விழுந்தவன், எழ முடியாமல் போனான். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றது. தசை கரைகிற நோய் என்று சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து கிடையாது என்பதையும் நேராகவே சொல்லிவிட்டார்கள். காலை எடுத்துக்கொண்டது, தோளையும் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது இரண்டு கையின் விரல்கள். அந்த விரல்களை வைத்துக்கொண்டுதான் அவன் வாழ்ந்தான்.

மிகைப்படுத்தவில்லை. உத்திரமேரூர் திருவிழாக் கடையில் நைனா ஒரு கையடக்க வீடியோ கேம் வாங்கித் தந்திருந்தார். திருவிழாக் கடைச் சாமானுக்கு உத்தரவு தேவைப்படவில்லை. கறுப்புக் கட்டங்களாகக் கல் விழும், திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. தம்பி கையில் அது பறந்தது. ஊர்ப் பையன்கள் ஏரியில் ஆட்டம் போட்டுவிட்டு, தலை ஈரம் காயாமல், இவன் ஆடுவதைப் பார்க்க வருவார்கள். கல் விழுகிற வேகத்தில் அவர்களுக்கு மூச்சு முட்டும். இவனோ அவர்களோடு பேசிக்கொண்டே ஆடுவான். "இன்னாடா, ஏரியில குதிக்கிறவனுங்களுக்கு இது வரலையா?" என்று சீண்டுவான். அந்தச் சின்னப் பெட்டி கையில் இருக்கும்வரை அவன் அவர்களுக்குக் குறைந்தவன் இல்லை.

ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு நைனாவை வெளியே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். "விரலுக்கும் வரும். எப்பன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் அவன் ஆசைப்படறதைச் செய்ய விடுங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். நைனா தலையை ஆட்டினார். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பர்மா பஜாருக்கு நடந்தார். அவர் அப்படி விறுவிறுவென்று நடந்து நான் பார்த்ததில்லை.

கலரில் தெரிகிற கையடக்க கேம் ஒன்று வந்திருக்கிறது என்று தம்பி எங்கோ படத்தில் பார்த்து வைத்திருந்தான். கடைக்காரர் அவனை ஸ்டூலில் உட்கார வைக்கச் சொல்லி, அதைக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தார். ஒரு சின்ன மனிதன் ஓடினான், பள்ளத்தைத் தாண்டினான், சுவரேறினான். தம்பி கட்டைவிரலால் அவனை ஓட்டிக்கொண்டே போனான். கடைக்காரரே குனிந்து பார்த்து, "தம்பி முன்னாடியே ஆடிக்கீறியா?" என்று கேட்டார். "இல்லண்ணே, இப்பதான்" என்றான். குரலில் இருந்த பெருமை இன்னும் என் காதில் இருக்கிறது.

நைனா மடியில் இருந்த பணத்தைத் தொட்டார். அப்புறம்தான் அவருக்கு அந்தப் பாழாய்ப்போன மரியாதை நினைவுக்கு வந்தது. பக்கத்திலேயே எஸ்டிடி பூத். "மாப்ளைக்கு ஒரு போன் போட்டு சொல்லிட்டு வாங்கிக்கலாம். அப்புறம் உங்கக்காளுக்குப் பேஜாராயிடும்" என்றார். சொல்லிவிட்டு வாங்கத்தான் போனார், கேட்டுவிட்டு வாங்க அல்ல. நான் பூத்துக்கு வெளியே தம்பியையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள் நைனா போனை வைத்துக்கொண்டு, "சரிங்க மாப்ள… சரிங்க மாப்ள…" என்று குனிந்துகொண்டே போனார். எனக்குப் புரிந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

"இத்த வாங்க வேணாம்னுட்டாரு. இதுக்கு அடுத்தது வருதாம், இதவிட பத்து மடங்கு வேகமாம். இப்ப வாங்கினா தண்டமாம். அவரே வாங்கித் தரேன்னுட்டாரு" என்றார் நைனா வெளியே வந்து. தம்பி கையிலிருந்து பெட்டியை வாங்கிக் கடைக்காரரிடம் கொடுக்க அவரால் முடியவில்லை. தம்பியே நீட்டினான். பஸ்ஸில் திரும்பும்போது அந்த அடுத்த மாடல் எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தான். செங்கல்பட்டு தாண்டியதும் தூங்கிப்போனான்.

அடுத்தது வரத்தான் செய்தது. வெளிநாட்டில் வந்துவிட்டது என்று மாப்பிள்ளையே வந்து சொன்னார், ஏதோ அவர் பெற்ற பிள்ளை மாதிரி. தம்பி முகம் மலர்ந்தது. "ஆனா மச்சான், அதுல ஒரு குறை கீது. ஸ்கிரீன்ல வெளிச்சம் இல்ல. கண்ணு கெட்டுடும். வெளிச்சம் வச்ச மாடல் ஒண்ணு வரப்போவுது. டெக்னாலஜின்னா பொறுமை வேணும்."

"வெளிச்சம் இல்லன்னா பரவாயில்ல மாமா. நம்ம வூட்ல எப்ப வெளிச்சம் இருந்துது?" என்றான் தம்பி. அன்றும் கரண்ட் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். சிரிப்போடு போயிற்று.

வெளிச்சம் வைத்த மாடலுக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் விரல்களும் போக ஆரம்பித்தன. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது. டிவி ரிமோட்டை அழுத்த இரண்டு கையும் தேவைப்பட்டது. சோறு பிசைவதும் நின்றது, அம்மா ஊட்டினாள். பழைய கேமைக் கட்டைவிரலால் ஆடினவன், விரலின் மூட்டை வைத்து அழுத்தினான். பிறகு தாடையால்கூட அழுத்திப் பார்த்தான். கல் மேலே மேலே குவிந்து ஆட்டம் நின்றுவிடும். ஊர்ப் பையன்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், அப்புறம் கிரிக்கெட் மட்டை வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் பெட்டியை என்னிடம் கொடுத்து, தான் சொல்லச் சொல்ல என்னை அழுத்தச் சொன்னான். நான் எப்போதும் ஒரு நொடி தாமதம். "கைய வச்சிக்கினு இன்னாதான் பண்றியோ போ" என்று திட்டுவான். இலவு காத்த கிளிக்காவது பறந்து போக இறக்கை இருந்தது.

நைனாவிடம் சண்டை போட்டேன். மணிலா விற்ற பணம் அப்போது வீட்டிலேயே இருந்தது. "நாளைக்கே போயி வாங்கிக்கினு வரலாம் நைனா. வெளிச்சம் இருக்கோ இல்லியோ, அவனுக்கு விரல் இருக்கறப்பவே வாங்கணும்" என்றேன்.

"உங்கக்கா வாழணுமா வேணாமா?" என்றார்.

அதற்குப் பதில் அக்காவிடம்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தவள், மாட்டுக்கொட்டகையில் அம்மாவிடம் சொன்னாள்: "வாங்கிடும்மா. அவரு இன்னா சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்." அம்மா சாணிக் கையோடு அவள் வாயைப் பொத்தப் போனாள். "மாசமா கீறவ பேசற பேச்சா இது? உன்னிய மறுபடி பையோட அனுப்பிச்சா நான் எங்கடி போவேன்?" அக்கா அழுதாள். கொட்டகைக்கும் தம்பி படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவனுக்குக் கேட்டிருக்குமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எல்லோரும் பயந்தோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பயத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர்தான் எனக்கு ஆத்திரம். மரியாதையாம். ஒரு மனிதர் பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். அதை வேதவாக்காக்கியது யார்? அவர் கெட்டவர் இல்லை என்பது இன்னும் மோசம். தம்பிக்கு உலகத்திலேயே சிறந்ததை வாங்கித் தர வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். அந்தச் சிறந்தது எப்போதும் அடுத்த வருஷத்தில் இருந்தது. எங்கள் தம்பிக்கு அடுத்த வருஷம் என்பது என்ன என்று அவரிடம் எடுத்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

வெளிச்சம் வைத்த மாடல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த யாரிடமோ சொல்லி மாப்பிள்ளை வரவழைத்திருந்தார். காணும் பொங்கலன்று அக்காவோடும் குழந்தையோடும் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பெட்டியை உயர்த்திக் காட்டினார். மடக்குகிற மாதிரி இருந்தது, சின்னதாக, பளபளவென்று. திறந்ததும் உள்ளே வெளிச்சம் எழுந்தது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். முதலில் அவரே கொஞ்ச நேரம் ஆடிக் காட்டினார். அவருக்குச் சரியாக வரவில்லை. அந்தச் சின்ன மனிதன் பள்ளத்தில் விழுந்து விழுந்து செத்தான்.

பிறகு தம்பி மார்பின் மேல் தலையணையை வைத்து, அதன் மேல் பெட்டியை வைத்து, அவன் இரண்டு கட்டைவிரலையும் எடுத்துப் பொத்தான்களின் மேல் வைத்தார். "ஆடு மச்சான்."

விரல் பொத்தான் மேல் இருந்தது. பொத்தான் இறங்கவில்லை. திரையில் அந்த மனிதன் ஓடாமல் நின்றான். தம்பியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். "அமுக்கு மச்சான், நல்லா அமுக்கு. புதுசு, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. நைனா உத்தரத்தைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். கதவோரமாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அக்கா, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, இவர் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிவிடு என்று என் மனம் கத்திக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும். "லேட்டாயிடுச்சி மாமா." அவ்வளவுதான் வேண்டியது.

தம்பி தலையைத் திருப்பி அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"சூப்பரா கீது மாமா. வெளிச்சம் கண்ணு கூசுது, பழகிக்கினு அப்புறமா ஆடறேன்."

"பாத்தீங்களா மாமா, பொறுத்தது வீண் போச்சா?" என்று மாப்பிள்ளை நைனாவைக் கேட்டார்.

"இல்லீங்க மாப்ள" என்றார் நைனா.

அம்மா இலை போட்டாள். கறிக்குழம்பு, வடை, பாயசம். மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டார். சாயங்கால பஸ்ஸுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, இதற்கு அடுத்தது பொத்தானே இல்லாமல் தொட்டால் ஓடுமாம் என்று நைனாவிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் தம்பியிடம் பாய்ந்தேன். "ஏன்டா பொய் சொன்ன? அந்தாளு செஞ்சத அவருக்குத் தெரிய வச்சிருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை சொன்னா இன்னாடா?"

மார்பின் மேல் இருந்த பெட்டியை எடுத்துவிடச் சொன்னான். மூடி ஓரமாக வைத்தேன்.

"சொல்லிட்டு? ராத்திரி ராஜகுளத்துல பெரியக்காதான வாங்கிக் கட்டிக்கும், சின்னக்கா?" என்றான். "அன்னிக்கு கொட்டாயில அது அழுதது எனக்கு கேட்டுது. அக்காவுக்கு நடக்க காலும் கீது, விரலும் கீது. வேற இன்னா கீது சொல்லு."