தமிழரசி தட்டிப் பழகிய சொற்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. தோலின் ஓரத்தை மடித்துச் சுத்தியால் தட்டுவது தமிழரசியின் வேலை. பி.ஏ. முடித்தவள். வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசும் ஆபீஸ் வேலைக்கு அதே கம்பெனி ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும் மனு போட்டாள். நீளமான ஆங்கிலச் சொற்களில் நாக்கு இடறியது. அதனால் அடிக்கு ஓர் அசையாக அவற்றைச் சுத்தியாலேயே பிரித்தாள்: ஸ்பெ, சி, ஃபி, கே, ஷன். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில்தான் அழுத்தம். 'கே' வரும்போது அடி பலமாக விழும்.

"மெதுவாடி! உன் இங்கிலீஷுல தோலு கிழிஞ்சிடப் போவுது" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டும் அன்னம்மாள்.

இன்டர்வியூவுக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"இன்னாடி, அதுக்குள்ளயா? எந்த வார்த்தை கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கலக்கா. எந்த ஊருன்னாரு மேனேஜர். பேரணாம்பட்டு பக்கம்னேன். ஊரா, காலனியான்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

"காலனின்னேன். சரி, சொல்லி அனுப்புறோம், போன்னுட்டாரு."

கப்பலேறும் ஒவ்வொரு ஷூவிலும் காலனிக்காரர்களின் உழைப்பு இருக்கிறது. ஆபீஸ் நாற்காலி மட்டும் அவர்களுக்குக் கிடையாது. அவள் எந்தப் பக்கத்து ஆள் என்று அறிய அந்த மேனேஜருக்கு இரண்டு கேள்விகள் போதுமாக இருந்தன.

"ஊருன்னே சொல்லியிருக்கலாமில்ல?" அன்னம்மாள் முணுமுணுத்தாள்.

"அதையும் பழகிட்டுப் போயிருக்கணுமாக்கா?"

அன்னம்மாள் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டாள்.