கழுவிக் காயப்போட்ட பொம்மை

காப்பிக் களத்துச் சுவரின்மேல் ஒரு துணிப் பொம்மை காய்ந்துகொண்டிருந்தது. மல்லாக்கக் கிடத்தி, கைகள் இரண்டையும் விரித்துவிட்டிருந்தார்கள். மசியால் எழுதியிருந்த கண்கள் தண்ணீரில் கரைந்து கன்னத்துக்கு இறங்கியிருந்தன. கீழே களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் அந்தச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. நான் ஏற்காட்டில் இருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், ஏரியும் பனியும் எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வருகின்றன. முதலில் வருவது அந்தச் சுவர்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ரயிலடியில் மூட்டை தூக்கினேன், சேலத்தில் ஓட்டலில் மாவாட்டினேன், ஒரு தறிக்காரர் வீட்டில் எடுபிடியாக இருந்தேன். எதிலும் கால் தரிக்கவில்லை. மலைமேல் எஸ்டேட்டில் சோறும் கம்பளியும் தருகிறார்கள் என்று ஒருவன் சொன்னதைக் கேட்டு, மலைப்பாதையில் நடந்தே ஏறினேன். கம்பளி தந்தார்கள். எனக்கு முன்னால் அதைப் போர்த்தியிருந்தவன் காய்ச்சலில் செத்தவன் என்று பிறகு சொன்னார்கள். குளிர் அதிகமாக இருந்ததால் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

காப்பி மூட்டை தூக்க எடுத்த என்னை, கொஞ்ச நாளிலேயே பங்களாவுக்கு அனுப்பிவிட்டார்கள். துரைசாணிக்குத் தகரப்பெட்டி தூக்குகிற வேலை. துரைசாணி என்றால் எஸ்டேட் துரையின் மனைவி. உயரமான அம்மா. எப்போதும் லேசாக இருமிக்கொண்டே இருப்பார். அவர் பழைய துணிப் பொம்மைகளைச் சேர்த்துவந்தார். பங்களாவின் பின்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அதற்குள் அவருடைய ஊரிலிருந்து கப்பலில் வந்த பொம்மைகள் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும். தலைமுடி உதிர்ந்தவை, மூக்குத் தேய்ந்தவை, பொத்தான் கண் ஒன்று போனவை. கீழ்த்தட்டுகள் இந்த மலைப் பொம்மைகளுக்கு. வேட்டித் துணியைச் சுருட்டிக் கட்டியவை, இலவம்பஞ்சு அடைத்தவை, தாயின் உதிர்ந்த முடியையே சுற்றித் தலையில் தைத்தவை. கடையில் விற்கிற புதுப் பொம்மையை அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பிள்ளைகள் இழுத்துத் திரிந்து, எச்சில் ஒழுகவிட்டு, கட்டிப் பிடித்துத் தூங்கிப் பழசாக்கியதுதான் வேண்டும். கையில் வாங்கியதும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். கண்ணை மூடிக்கொண்டு மோப்பார். பிறகுதான் பார்ப்பார்.

வாழவந்திக்கும் தலைச்சோலைக்கும் மாரமங்கலத்துக்கும் அவர் குதிரைமேல் போவார், பின்னால் நான் பெட்டியோடு நடப்பேன். பொம்மை தருகிறவர்களுக்குப் பதிலாகப் புதுச் சீலைத் துணி தருவார். முதல் தடவை போய்ச் சொல்லிவிட்டு வருவது, அடுத்த தடவை போய் வாங்கி வருவது என்று வழக்கம். அதில்தான் சிக்கல் வந்தது. பெரிய இடத்துக்குப் போகிற பொருள் என்று மலைப் பெண்கள் பொம்மையைப் பூந்திக்கொட்டை போட்டுக் கும்மித் துவைத்து, கிழிந்த இடத்தில் புதுத் துணி ஒட்டுப்போட்டு, கண்ணுக்கு மறுபடி மை எழுதி, சீர்வரிசைபோலத் தட்டில் வைத்து நீட்டினார்கள். துரைசாணி அதை மோந்து பார்த்துவிட்டு, வாங்காமல் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். தலைச்சோலையில் ஒரு பெண்மணி அவருடைய முகத்தைப் பார்த்துப் பயந்து என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“ஏனுங்க, இன்னொருக்கா அலசிக் குடுக்கட்டுங்களா?”

“கழுவவே கூடாதுங்க. அழுக்காத்தான் வேணுமாமுங்க.”

“தொரைசாணிக்கு அழுக்கைக் குடுக்கறதுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. நாளைக்கு எங்க ஊட்டுல தண்ணிப் பஞ்சமுன்னு ஊரு பேசும்.”

அதற்குப் பிறகு, துரைசாணிக்கு முன்னதாகவே நான் ஒவ்வொரு ஊருக்கும் போய், கழுவாதீர்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஆயிற்று. படிப்பு இல்லாத எனக்கு அந்த எஸ்டேட்டில் கிடைத்த உத்தியோகம் அதுதான். மலை முழுக்க அவருக்கு அழுக்குத் துரைசாணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பொம்மைக்காரன் என்று பெயர். சேதி பரவியதும் மாரமங்கலத்தில் ஒரு கெட்டிக்காரி புதிதாக ஒரு பொம்மையைத் தைத்து, காப்பித் தண்ணீரில் ஊறப்போட்டு, மண்ணில் புரட்டிப் பழசு என்று கொண்டுவந்தாள். துரைசாணி மோந்து பார்த்தார். “இது காப்பி” என்று மட்டும் தமிழில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். துரைசாணியும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எஸ்டேட்டில் வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர். எங்கள் லைனில் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எனக்கு உறவில்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து வைத்தவர், அதனால் அக்கா. நான் மலை ஏறுவதற்கு முந்தின மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகளை மலைக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. இறந்த பிள்ளையின் சாமான்களைப் பிள்ளையோடு குழியில் வைத்துவிடுவது அங்கே வழக்கம். சட்டை, வளையல், கொட்டாங்கச்சி எல்லாம் வைத்தார்கள். அக்கா பொம்மையை மட்டும் கொடுக்கவில்லை. மடியில் சொருகி மறைத்துக்கொண்டாராம். அவருடைய முகூர்த்தச் சீலையின் முந்தானையைக் கிழித்து அவரே கட்டிக் கொடுத்த பொம்மை அது. பிள்ளை அதன் ஒரு கையை வாயில் வைத்துச் சப்பியபடியேதான் தூங்குமாம். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால், அக்கா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து முகத்தோடு வைத்துக்கொள்வதை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். பார்த்ததை அவரும் பார்த்தார். “அவ தலை வாசம் இன்னும் இருக்குதுங்க தம்பி” என்றார்.

இதைக் கங்காணியும் தெரிந்துவைத்திருந்தார். ஆட்களை மேய்க்கிறவருக்கு லைனில் தெரியாதது எது? பங்களாவில் நல்ல பெயர் வாங்க அவருக்கு இது ஒரு வழியாகத் தெரிந்திருக்கிறது. நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் எதிரிலேயே துரைசாணியிடம் சொன்னார்.

“எதுக்குங்கம்மா ஊரு ஊராப் போறீங்க? நம்ம லைன்லயே ஒண்ணு இருக்குதுங்க. தண்ணியே காட்டாதது. பொதச்சிருக்க வேண்டிய சாமானு, ஊட்டுல வெச்சிருந்தா ஆகாதுங்க. உங்க கைக்கு வந்தா அந்தப் புள்ளைக்கும் நல்லதுங்க.”

துரைசாணிக்கு இதில் எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. தண்ணீர் காட்டாதது என்பது புரிந்துவிட்டது. முகம் தெளிந்தது. காலையில் வந்து பார்ப்பதாகச் சொல்லி, என் பக்கம் திரும்பினார். “போய்ச் சொல்லு. களுவ வேணாம்.”

அக்கா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் துரைசாணி விட்டுவிட்டிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. கெட்டவர் இல்லை. ஆனால் வேண்டாம் என்கிற சொல் லைனிலிருந்து பங்களாவுக்கு ஏறிப்போக அந்தக் காலத்தில் பாதை இல்லை. வீடு எஸ்டேட்டுடையது. அடுப்பில் எரிந்த விறகும் எஸ்டேட்டுடையது. நடுவில் கங்காணி நின்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே லைனுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அவங்ககிட்டத்தான் ஒரு பீரோ நிறைய இருக்குதுன்னீங்களே தம்பி.”

“இருக்குதுங்கக்கா. இன்னமும் வேணுமாமுங்க.”

“குடுக்கலீன்னா?”

நான் கங்காணி வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவரே மறுபடி கேட்டார்.

“என்னமோ சொல்லச் சொன்னாங்கன்னீங்களே, என்னது அது?”

“கழுவ வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க.”

“கழுவினா?”

“கழுவினா எடுக்க மாட்டாங்கக்கா.”

அவர் கை அப்போதுதான் நின்றது. “நெசமாலுமா?” என்றார். தலைச்சோலையில் நடந்ததைச் சொன்னேன். அதைக் கேட்டு லைனே சிரித்திருந்தது. அக்கா சிரிக்கவில்லை. கீரைத் தண்டுகளைத் திரட்டி முறத்தில் போட்டுவிட்டு உள்ளே போனார். எதற்காகக் கேட்டார் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஓடவில்லை. நாள் முழுக்க நடந்த அலுப்பில் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் துரைசாணியோடு களத்துக்கு வந்தபோது பொம்மை சுவரின்மேல் கிடந்தது. அடுப்புச் சாம்பல் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்திருந்தார் அக்கா. சுவருக்குக் கீழே ஈரக் கையோடு, தலை குனிந்து நின்றிருந்தார். முகூர்த்தச் சீலையின் அரக்கு நிறம் வெளுத்து, சப்பிய கை எது, சப்பாத கை எது என்று தெரியாதபடி இரண்டும் ஒன்றுபோல் ஆகியிருந்தன. கங்காணி முதலில் பார்த்தார்.

“ஏ புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? கழுவச் சொல்லி யாரு சொன்னா?”

“பெரிய ஊட்டுக்குப் போறதுங்களே. அழுக்கா எப்படிங்க குடுக்கறது?” என்றார் அக்கா. அதையே மலை முழுக்க எல்லாப் பெண்களும் சொல்லியிருந்தார்கள். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

துரைசாணி பொம்மையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்ததுபோல் எனக்குப் பட்டது. பிறகு சுவரில் இருந்த ஈரத் தடத்தின்மேலேயே அதை மறுபடி கிடத்தி, மடங்கியிருந்த கையை விரித்துவிட்டார். என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லலையா?”

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறந்துட்டனுங்கம்மா” என்றேன்.

அவ்வளவுதான் என் உத்தியோகம். பெட்டியை வேறொருவனிடம் கொடுத்தார்கள். மூட்டை தூக்கத் திரும்பி வா என்று கங்காணி சொன்னார், வேலையில் வைத்துக்கொண்டு வதைப்பதற்காக. நான் போகவில்லை. ஏற்கெனவே அந்த மலையில் அதிக நாள் இருந்துவிட்டதாகத் தோன்றிக்கொண்டிருந்தது. கம்பளியைச் சுருட்டி லைனிலேயே வைத்துவிட்டு, போகிற வழியில் களத்துப் பக்கம் வந்தேன். அக்கா பொம்மையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சுக்குள் இருந்த ஈரம் இன்னும் போகவில்லை.

“கெளம்பிட்டீங்களா சாமி?” என்றார். வழக்கமாகத் தம்பி என்பவர், அன்றைக்குச் சாமி என்றார். பொம்மையை எடுத்து என்னிடம் நீட்டினார். “மோந்து பாருங்க. ஏதாச்சும் இருக்குதுங்களா?”

மோந்து பார்த்தேன். சாம்பலும் ஈரப் பஞ்சும்தான்.

“இருக்குதுங்கக்கா.”

அவர் வாங்கித் தம் முகத்தில் வைத்துக்கொண்டார். காப்பிக்கொட்டை கிளறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

“எனக்கு நொம்ப சளிங்க தம்பி. அதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

நான் நடந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மூட்டைகளைத் தூக்கிவிட்டேன். போன வருஷம் ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியோடு பாத்திரம் தேய்க்கிறவனாக ஏற்காட்டுக்கு வரவேண்டி வந்தது. இப்போது பஸ் ஏறுகிறது. வேலை முடிந்ததும் அந்த எஸ்டேட் பக்கம் போய்ப் பார்த்தேன். பங்களா ஆள் தங்குகிற விடுதியாகியிருந்தது. கண்ணாடி அலமாரியைக் கேட்டேன், காவல்காரருக்குத் தெரியவில்லை. துரைகள் போனபோது சாமான்களை எல்லாம் ஏலம் விட்டுவிட்டார்களாம். லைன் இருந்த இடத்தில் சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அக்காவை யாரிடம் போய்க் கேட்பது? அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

களத்தில் வேன்கள் நின்றிருந்தன. சுவர் மட்டும் அப்படியே இருந்தது. அதன்மேல் யாரோ ஒரு குழந்தைச் சட்டையைக் கைகள் விரியக் காயப்போட்டிருந்தார்கள். எடுத்து மோந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. அடுத்தவர் வீட்டுத் துணி. கை வைக்காமல் பஸ்ஸுக்கு நடந்தேன்.