ஐந்து மணிக்கே முடிந்த வேலை

என் சித்தப்பா பொய் சொல்கிறார். அதுவும் மைக் பிடித்துச் சொல்கிறார். போன மாதம் அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்கு, நாங்கள் இருக்கும் டார்ம்ஸ்டாட் நகரத்துக்கு வந்து, இங்கே படிக்கும் தமிழ் மாணவர்கள் முன்னால் பேசினார். ஒரு பையன் எழுந்து, "இந்தக் காலத்துலயும் உழைச்சா போதுமா சார்?" என்று கேட்டான். "போதும். என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனது உழைப்பு ஒண்ணுதான்" என்றார் சித்தப்பா. முன்வரிசையில் அவருடைய அண்ணன், அதாவது என் அப்பா, முதல் ஆளாகக் கைதட்டினார். நான் கைதட்டவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. அப்பாவும் சித்தப்பாவும் டார்ம்ஸ்டாட்டில் ஒரே இயந்திரக் கம்பெனியில் வரைபடம் போடும் பிரிவில் இருந்தார்கள். சித்தப்பா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அந்தக் கம்பெனியை அமெரிக்கக் கம்பெனி ஒன்று வாங்கியது. அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். இங்கிருந்து ஒருவரைப் பொறுக்கி அமெரிக்காவுக்கு அழைத்துப்போகப் போகிறார் என்று பேச்சு.

அன்றோடு எங்கள் வீட்டில் யாரும் தரையில் நடக்கவில்லை. அப்பாவுக்குத்தான் என்று நாங்கள் முடிவே கட்டிவிட்டோம். இங்கே எத்தனை வருடம் போனாலும் அவர் வரைபலகை முன்னால் நிற்கும் ஆள்தான். அங்கே போனால் ஒரு பிரிவுக்கே தலைவர். கனமான குளிர்கோட்டுகளை யாருக்குக் கொடுப்பது என்று அம்மா யோசித்தார். நான் யோசிக்கவே இல்லை. என் சறுக்குவண்டியைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அமெரிக்காவில் பனி கொட்டாது என்று நானே தீர்மானித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரச் சண்டை நடந்தது.

அப்பா மாலை ஏழு, ஏழரை வரை ஆபீசில் இருப்பார். ஊரில் அப்படித்தான் பெயர் வாங்குவார்கள். மேலதிகாரி கிளம்பிய பிறகும் நம் மேஜையில் விளக்கு எரிய வேண்டும். இங்கே நடப்பு வேறு. ஐந்து அடித்த பிறகும் உட்கார்ந்திருப்பவனுக்கு வேலை ஓடவில்லை என்றுதான் ஜெர்மன்காரர்கள் நினைப்பார்கள். இத்தனை வருடம் இருந்தும் அப்பாவுக்கு அது உறைக்கவில்லை. சித்தப்பாவுக்கு வந்த மாதமே உறைத்துவிட்டது. ஐந்து அடித்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு அந்த அமெரிக்கரோடு கேகல் ஆடக் கிளம்பிவிடுவார். மரப்பந்தை உருட்டி ஒன்பது கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் அது.

ஒரு மாலை அம்மாவும் நானும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். பெரிய கூடத்தில் அவர் மட்டும்தான். சித்தப்பா நெட்டை. அவருடைய வரைபலகையை உயரத்தில் வைத்திருந்தார்கள். அப்பா குட்டை. ஒரு பீர்ப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, சித்தப்பாவின் பலகையில் வரைந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க வேலை?" என்றார் அம்மா.

"அது மத்தியானமே முடிஞ்சுது. இது அவன் பாதியில விட்டது. நாளைக்குக் காட்டணுமாம்."

"அவர் எங்க?"

"பந்து உருட்டறான்."

"அந்த அமெரிக்காக்காரர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா? இதெல்லாம் வெளியில பேசக்கூடாது."

அடுத்த வெள்ளிக்கிழமை அமெரிக்கர் எங்கள் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியனுப்பினார். முடிவைச் சொல்லத்தான் வருகிறார் என்று எங்களுக்குத் தெரியும். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா வடைக்கு அரைத்தார். அப்பா கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டார். வந்தவர் வடையைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், இன்னொன்று கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, உங்கள் மனைவிக்கும் சொல்லுங்கள் என்று அப்பாவுக்குச் சைகை காட்டினார்.

அப்பா ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். "நான் ரொம்பப் பாடுபடறேனாம். அவருக்குத் தெரியுமாம். ஆனா தம்பி அஞ்சு மணிக்கே முடிச்சுடறானாம். அங்க அந்த மாதிரி ஆள்தான் வேணுமாம்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தார். "அப்படியா தம்பி? அஞ்சு மணிக்கே முடிச்சுடுவீங்களா?"

"ஆமா அண்ணி. எனக்குக் கொஞ்சம் கை ஸ்பீடு."

"சந்தோஷம்டா" என்றார் அப்பா.

எனக்கு எங்கள் வீட்டு ஆள் அமெரிக்கா போகிறார் என்பதுதான் காதில் விழுந்தது. சித்தப்பா போனால் நாங்களும் பின்னாலேயே போவோம் என்று நினைத்தேன். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அமெரிக்கர் கைதட்டினார். இன்னும் இரண்டு வடை கிடைக்குமா என்றும் கேட்டார். பாத்திரத்தில் பாதி மாவு மிச்சம் இருந்தது. அம்மா உள்ளே போய் அடுப்பை அணைத்தார். மாவு இருக்கும்போது அடுப்பை ஏன் அணைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது புரியவில்லை. விருந்தாளி முன்னால் இப்படிச் செய்கிறாரே என்று அம்மாமீது கோபம்கூட வந்தது.

சித்தப்பா, இதை நான் வீட்டில் வைத்துக் கேட்க மாட்டேன். வீட்டில் கேட்டால் அப்பா நடுவில் வந்து பேச்சை மாற்றிவிடுவார். நீங்களும் என் தலையைத் தடவிவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள். உழைப்பு அமெரிக்கா போனது உண்மைதான். உழைத்தவர் போகவில்லை. உழைத்தால் போதும் என்று நீங்கள் சொன்னதை நம்பிப் பல பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களை மறுபடியும் கூப்பிடுங்கள். ஐந்து மணிக்குப் பிறகு உங்கள் பலகையில் வரைந்தது யார்? அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, அப்பாவின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.