ரொசெண்டாவும் பாதி உடம்புக் காட்டேரிகளும்

காப்பிஸ் பக்கத்துக் கடலோர ஊர்களில் மருத்துவச்சி ரொசெண்டா கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. அவள் கணவன் தெயோ உள்ளூர் வானொலிக்கு நாடகம் எழுதுபவன். இடுப்போடு பிரிந்து, மேல்பாதி மட்டும் பறந்துபோய் ரத்தம் குடிக்கும் காட்டேரிப் பெண்களைப் பற்றித் தொடர் எழுத ஆரம்பித்தவன், மூன்றாம் வாரமே சிக்கிக்கொண்டான். குடிக்கிற ரத்தம் எங்கே போய்ச் சேரும்?

மீன் கழுவிக்கொண்டிருந்த ரொசெண்டாவுக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. இரைப்பை மேலே போய்விடும், குடல் கீழே நின்றுவிடும். வீடு திரும்பிப் பொருந்தும்வரை செரிக்காது, அதனால்தான் அந்த அவசரம் என்றாள். தனியாக நிற்கும் கால்கள் காயாமலிருக்க ஈர வாழையிலை சுற்ற வேண்டும். சுற்றுவது யார்? கணவன்தான். இப்படியே காட்டேரிகளுக்குக் குடும்பம், ஆளுக்கொரு எல்லை, ஊர்க்கூட்டம் எல்லாம் உண்டாயின. கால் காக்கும் கணவன்மார் வேலைநிறுத்தம் செய்த வாரம், நாடகம் முடியும்வரை சந்தையில் யாரும் மீன் வாங்கவில்லை.

எல்லாம் மனைவி சொல்லிக்கொடுத்தது என்று தெயோ பெருமையடித்துத் திரிந்தான். அவளும் அந்த இனமாக இல்லாவிட்டால் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஊர் கேட்டது. நிறைமாதமாயிருந்த மரிபெல்லின் மாமியார் பாசிங், பிரசவம் பார்க்க வந்தவளை வாசலிலேயே மறித்தாள்.

"இடுப்பக் காட்டு, அப்புறம் உள்ள வா."

ரொசெண்டா சட்டையைத் தூக்கினாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அறுவை சிகிச்சையில் பிறந்தவர்கள். அடிவயிற்றில் குறுக்கே நீளமாய்த் தழும்பு.

"தையல் வேற போட்டிருக்கா" என்றாள் பாசிங் மெதுவாக.

உள்ளே வலி முற்றிவிட்டது. "அத்தை, அவங்க யாரா வேணா இருக்கட்டும். வழிய விடுங்க" என்றாள் மரிபெல்.

அரைமணியில் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியை வாங்கிய பாசிங் வேறு கணக்குப் போட்டாள். ஒரு காட்டேரியின் எல்லைக்குள் இன்னொன்று வராது என்று நாடகத்திலேயே சொன்னார்களே, ரொசெண்டா தொட்ட பிள்ளையை இனி எது அண்டும்? அடுத்த மாதம் பக்கத்து ஊர்க் கர்ப்பிணிகளெல்லாம் அவளிடம் வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் கற்பனை என்று ரொசெண்டா ஒரு வாரம் கத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு, இரும்புச்சத்து மாத்திரை போடாதவள் ரத்தம்தான் காட்டேரிக்குத் தூரத்திலேயே மணக்கும் என்று ஆரம்பித்தாள். ஒருத்தி தவறாமல் எல்லோரும் விழுங்கினார்கள். தெயோ மட்டும், தன்னைக் கேட்காமல் புது விதி சேர்த்து நாடகத்தின் அறிவியலையே அவள் கெடுத்துவிட்டதாக இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.