லேபல் கழற்றிய ஈயக் குடுவை

1. கொழும்பில், ஒரு முகவர் அலுவலக மேசையில், கதிரியக்க அயடின் மாத்திரை ஒன்று இருந்த பொதியைக் கையெழுத்திட்டு வாங்கினேன். அதில் இருக்கவேண்டிய குறிகள் எல்லாம் இருந்தன.

2. அன்று பின்னேரமே அந்தக் குறிகளை என் கையால் கழற்றினேன்.

3. மாத்திரை இருந்த ஈயக் குடுவையைப் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, ரயிலில் யாழ்ப்பாணம் கொண்டுவந்தேன்.

4. மாத்திரையை விழுங்கவேண்டிய நோயாளி வரவில்லை. புத்தூர்ப் பக்கம் அந்தக் கிழமை பஸ் ஓடவில்லை.

5. குடுவையில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, அதில் பேனையால் எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

6. வாணி விழாவுக்காக அறை கழுவப்பட்டது. குடுவையும் கழுவப்பட்டது.

7. குடுவை கடற்கரைக் குருநகருக்குப் போனது, மீன் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதற்கு.

நடந்த ஒழுங்கு இதுதான். விளக்கக் கடிதத்தை ஆறாவதிலிருந்து எழுதச் சொன்னார்கள். அதனால்தான் இங்கே ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், பட்டணத்தில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் தொழில்நுட்பவியலாளராக இருந்தேன். எங்கள் பிரிவு இரண்டு அறை. கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யும் நோயாளிகள் எங்களிடம் வருவார்கள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர்களில் பலர் கொழும்புக்குப் போகப் பயந்தார்கள். அதனால் மருந்தை இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. "பொம்பிளைப்பிள்ளையை அவ்வளவு சோதிக்க மாட்டாங்கள்," என்றார் பிரிவின் பொறுப்பாளரான டொக்டர். அவர் ஒருநாளும் அந்த ரயிலில் ஏறியவர் அல்ல.

கதிரியக்கப் பொருளை அனுப்பும் பொதிக்கு விதிகள் உண்டு. எனக்கு அவை பாடம். குறி வெளிப்பக்கத்தில் இருக்கவேண்டும். வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மழைக்கும் கைபடுவதற்கும் அழியாததாக இருக்கவேண்டும். பொதி எந்த வகை என்று எழுதியிருக்கவேண்டும். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மூவிதழ்ச் சின்னம் போட்ட லேபல் வேண்டும். அந்த லேபலில் உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்று இருக்கும். கீழே ஒரு எண்ணும் இருக்கும். பொதியிலிருந்து ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு கதிர் வருகிறது என்பதை அந்த எண் சொல்லும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் பழைய லேபல் வெளியே தெரியக்கூடாது. இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாத்திரையைச் செய்தவர்கள் எல்லா விதிகளுக்கும் அமைய ஒட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரு மூலைகூடக் கிளம்பியிருக்கவில்லை. முகவர் அலுவலகத்து எழுதுவினைஞர் பொதியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "உதோடை ஆனையிறவு ஆமிச் சோதனை தாண்டேலாது தங்கச்சி. போனமுறை படத்தைப் பாத்திட்டுக் குண்டு எண்டு ரெண்டு நாள் வெயிலிலை வைச்சவங்கள்."

இந்த மருந்து எட்டு நாளில் பாதியாகும். தடுத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் மருந்துதான் குறைகிறது. டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கழட்டிப்போட்டுக் கொண்டு வா பிள்ளை," என்றார். "மருந்து மருந்துதானே."

தங்கியிருந்த வீட்டுக் குளியலறையில் வெந்நீர் ஊற்றிக் கழற்றினேன். வெளிப்பெட்டியை எறிந்தேன். குடுவையில் ஒட்டியிருந்த சின்ன லேபலையும் ஊறவைத்து உரித்தேன். நல்ல பசை, நகம் வலிக்கும் வரை உரிக்கவேண்டியிருந்தது. அழியாமல் இருக்கவேண்டும் என்று யாரோ கவனமாகச் செய்ததை அழிப்பதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் போதுமாக இருந்தது.

ரயிலில் தகரத்தை மேல்தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. எதிரே இருந்தவர் எழுந்து தூக்கி வைத்தார்.

"என்ன தங்கச்சி, பிஸ்கட்டோ கல்லோ?"

"அம்மா செய்த பிஸ்கட், அண்ணை," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு அந்தத் தகரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்தார். நான் எழுந்து இரண்டு இருக்கை தள்ளிப்போய் உட்கார்ந்தேன். ஈயத்தைத் தாண்டி வந்த கதிர் மிகச் சொற்பம். அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கணக்குப் போட்டுச் சொல்வேன். ஆனால் எனக்கு எண் தெரியும், அதனால் தள்ளி உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாது, அதனால் கீழே உட்கார்ந்தார். லேபல் என்பது அந்த வித்தியாசம்தான். ஆனையிறவில் ஏறிய சிப்பாய் துவக்கின் நுனியால் தகரத்தைத் தட்டி, "பிஸ்கட்?" என்று கேட்டான். அந்த அண்ணைதான் எனக்காக, "பிஸ்கட், பிஸ்கட்," என்று பதில் சொன்னார்.

மாத்திரை வந்தது, நோயாளி வரவில்லை. இதயம் படபடத்து இரவில் படுக்க முடியாமல் இருந்த ஓர் ஆசிரியை. பிறகு அவருக்கு வேறு மாத்திரை எடுத்தோம், அது வேறு கதை. இந்த மாத்திரை குடுவைக்குள்ளேயே இருந்தது.

எங்கள் அலுமாரிக் கதவில் நான் எழுதி ஒட்டிய ஒரு பட்டியல் இருந்தது. அதன் மூன்றாவது வரி: லேபல் இல்லாத குடுவை வெறுமையானது. விதிப்படி அது சரி. வெறும் குடுவைகளின் லேபலை உரித்துக் கீழ்த்தட்டில் வைப்போம். நிறைந்த குடுவை லேபலோடு மேல்தட்டில் இருக்கும். இந்த முறை மேல்தட்டில் இருந்ததற்கு லேபல் இல்லை. பிளாஸ்டர் துண்டில் 'உள்ளே உண்டு, திறக்காதே' என்று எழுதி ஒட்டினேன். வேறு ஏதும் செய்திருக்கலாம். செய்யவில்லை.

நவராத்திரி கடைசி நாளுக்கு முன் எல்லாக் கந்தோர்களையும்போல எங்கள் அறையும் கழுவப்படும். கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்துப் படையல் வைப்போம். கழுவுவது எங்கள் சிற்றூழியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். விடுமுறை முடிந்து நான் அலுமாரியைத் திறந்தபோது இரண்டு தட்டுகளும் பளபளவென்று இருந்தன. குடுவை ஒன்றும் இல்லை.

"அண்ணை, மேல்தட்டிலை இருந்த குடுவை எங்கை?"

"மேல்தட்டு, கீழ்த்தட்டு, எல்லாம் ஒண்டாத்தான் கழுவினனான் மிஸ். வாணிக்குத் தேய்க்கிறது நான், அவலும் கடலையும் உங்களுக்கு." அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். ஒவ்வொரு வருடமும் இந்தப் பகிடியைச் சொல்வார்.

"பகிடி பிறகு. குடுவை எங்கை?"

"என்ரை குருநகர் மச்சான் முந்தநாள் கொண்டு போயிட்டான். வலைக்கு ஈயம் கிடைக்குதில்லையெண்டு ஒரே கரைச்சல். வெறும் குடுவையளை ஆருக்கும் குடு எண்டு டொக்டர்தானே சொன்னவர். மூண்டு கிடந்தது, மூண்டையும் குடுத்தனான்."

"ஒண்டு வெறும் குடுவை இல்லை."

அவர் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். "லேபல் இல்லையே மிஸ்."

"பிளாஸ்டர் ஒட்டியிருந்தது."

"ஓம், ஊத்தைப் பிளாஸ்டர் ஒண்டு. சவுக்காரம் பட்டோடனை கழண்டிட்டுது."

ஈயம் உருகும் சூட்டுக்கு வெகு முன்பே மாத்திரை கருகி, அயடின் ஆவியாகும். மூச்சோடு உள்ளே போகும். கழுத்துச் சுரப்பி அதைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுகமான சுரப்பி என்றாலும் பிடிக்கும். அதைச் சொன்னேன். அண்ணையின் முகம் மாறியது.

"அவன்ரை மனிசி பிள்ளைத்தாச்சி," என்றார். "ஏழாம் மாசம். அடுப்பு ஊதுறது அவள்தான்."

ஏழாம் மாதத்தில் வயிற்றுப்பிள்ளைக்கும் சுரப்பி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கதிர் அளக்கும் கருவியைச் சைக்கிள் கூடையில் போட்டேன். அவர் தன் சைக்கிளில் முன்னே போனார். ஆஸ்பத்திரி வீதியில் யாரோ ஏசினார்கள், நாங்கள் நிற்கவில்லை. குருநகர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அந்த வளவிலிருந்து புகை எழுவது தெரிந்தது. அந்தக் கடைசி ஐம்பது யார் தூரத்தில் எனக்கு வந்தது பயம் அல்ல, கோபம். குளியலறை வெந்நீர், "மருந்து மருந்துதானே" என்ற குரல், என் நகம், எல்லாவற்றின் மேலும் வந்த கோபம். அது இன்னும் போகவில்லை.

கிடுகு மறைப்புக்குப் பக்கத்தில் அடுப்பு எரிந்தது. அடுப்பில் சோற்றுப் பானை இருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புத் தாச்சி, அதற்குள் என்னுடைய குடுவை. மூடி பூட்டியபடியே இருந்தது. வார்த்த ஈயக்குண்டுகள் ஓலையில் வரிசையாகக் கிடந்தன. அவை மற்ற இரண்டும். அவை உண்மையில் வெறுமையானவை.

மச்சான் குந்தியிருந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணையைக் கண்டதும், "என்ன மச்சான், குடுத்ததைத் திருப்பிக் கேக்க ஆள் பிடிச்சுக்கொண்டு வந்தனியோ?" என்றார்.

"வாயை மூடிக்கொண்டு தாச்சியை விட்டுத் தள்ளி நில்லடா."

"என்ரை வளவிலை என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுறார் பெரியவர்."

நான் கருவியைக் குடுவைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அது டிக், டிக் என்று விரைவாகச் சத்தமிட்டது.

"உதென்ன, பல்லி மாதிரிச் சொல்லுது?" என்றார் மச்சான்.

மனைவி அகப்பையோடு திரும்பினார். வயிறு நன்றாகத் தெரிந்தது. "நான் சொன்னனான்தானே, இது மற்றது ரெண்டும் மாதிரி இல்லையெண்டு. மூடி கழருதில்லை. நேற்றே முழுசாப் போட்டு உருக்கிறனெண்டு நிண்டவர். மீன் அவியட்டும், பிறகு அடுப்புத் தாறனெண்டு நான் விடேல்லை. இண்டைக்கும் சோறு வேகட்டும் எண்டனான்."

"அதுக்கு ரெண்டு நாளாச் சண்டை," என்றார் மச்சான். "உள்ளுக்கை என்ன மிஸ்?"

"மருந்து. விழுங்கிற வருத்தக்காரருக்கு மருந்து. சூட்டிலை ஆவியாப் போனா மற்ற ஆக்களுக்கு நஞ்சு. அக்காவுக்கும் வயித்துப் பிள்ளைக்கும்தான் கூடக் கேடு."

மச்சான் மனைவியைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"எலிப்பாசாணப் போத்திலிலையே மண்டையோடு கீறிக் கிடக்கு. உதிலை ஒரு சொல் எழுத உங்கடை ஆஸ்பத்திரியிலை மையில்லையோ?"

"எழுதித்தான் இருந்தது. கழட்டினது நான்."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.

"அப்ப நான் இவரோடை கொளுவினது பிழை," என்றார் மச்சான். "உங்களோடையெல்லோ கொளுவ வேணும்."

கொளுவிச் சண்டை பிடித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. நான் குடுவையைக் கூடையில் வைக்க, ஓரமாக நின்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி பானையை இறக்கிவிட்டு, அடுப்பில் தண்ணீர் தெளித்தார்.

குடுவை திரும்பி வந்தபிறகு டொக்டர் விளக்கக் கடிதம் கேட்டார். ஏழு விடயங்களையும் எழுதிக் கொடுத்தேன். கடிதம் அன்றே திரும்பி வந்தது. முதல் ஐந்தும் சிவப்புப் பேனையால் நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தன.

"சிற்றூழியர் அனுமதி இல்லாமல் சாமான் வெளியிலை குடுத்திருக்கிறார். அதிலையிருந்து தொடங்கு," என்றார்.

"குடுக்கச் சொன்னது நீங்கள், டொக்டர்."

"வெறும் குடுவையை."

"எது வெறும் குடுவை எண்டு தெரியிற அடையாளத்தை நீங்கள் கழட்டச் சொன்னீங்கள். நான் கழட்டினன். அண்ணை பட்டியலிலை இருந்தபடிதான் செய்தவர்."

"பிள்ளை, லேபலோடை வந்திருந்தா அது ஆனையிறவிலையே கிடந்திருக்கும். உனக்கு அது விளங்கேல்லையோ?"

எனக்கு விளங்கும். அதுதான் என்னைக் கூடுதலாகக் கோபப்படுத்துகிறது. ஆனையிறவில் துவக்கோடு நிற்பவனுக்குப் பயந்து நாங்கள் உரித்த லேபல், அவன் இல்லாத இடத்தில், அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டது. வழியில் உரித்ததை வந்து சேர்ந்ததும் திரும்ப ஒட்ட யாரும் நினைக்கவில்லை. புதிய லேபல் கேட்டு எழுதுவதற்கு ஒரு தபால் முத்திரை போதும். நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடிதத்தை மாற்றி எழுத மறுத்தேன். டொக்டர் தானே ஒன்று எழுதினார்.

இப்போது நிலைமை இது. பிள்ளை பிறந்துவிட்டது, பெண். மூடிய குடுவை இரண்டு நாள் அங்கே கிடந்ததைத் தவிர அந்த வீட்டுக்கும் கதிருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அண்ணையிடமிருந்து அலுமாரிச் சாவியை வாங்கிவிட்டார்கள். அவர் சலவைப் பகுதியில் இருக்கிறார். அவருடைய கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. என்னுடைய கோப்பில் ஒன்றும் இல்லை. குடுவை மேல்தட்டில் இருக்கிறது. உள்ளே இருந்தது பெரும்பாலும் தேய்ந்துவிட்டது; ஆனாலும் சிவப்பு எனாமல் பெயின்றால் அதைச் சுற்றி, உருக்காதே, திறக்காதே என்று தமிழில் எழுதியிருக்கிறேன். பட்டியலின் மூன்றாவது வரியை வெட்டிவிட்டேன். கொழும்புக்குப் போக மறுத்துவிட்டேன்; வேறொரு பிள்ளையை அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மாத்திரை வருகிறது. அதில் லேபல் இருக்காது.