மேற்கே பார்த்த ஜெபம்

என் மாமியார் பெஞ்சின்மேல் ஏறி நின்று, ஆயாக் கொட்டகையின் கிழக்குச் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றிய காலை இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஆண்டு 1943. தேதியை நான் குறித்துவைக்கவில்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து துளிர்த்துக்கொண்டிருந்தன, ஈஸ்டர் வரவில்லை, மலாய் நாட்டில் எங்கள் கெடா மாநிலம் இன்னும் ஜப்பானியரிடமிருந்து சயாம்காரர் கைக்கு மாறவில்லை. ஆகவே மார்ச்சு, தப்பினால் ஏப்ரல் என்பது என் கணிப்பு.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள். பால்வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்தக் கொட்டகைதான் ஞாயிறுகளில் எங்கள் கோவில். பட்டணத்துக் கோவில்களில் பீடம் கிழக்கே இருக்கும் வழக்கப்படி சிலுவையைக் கிழக்குச் சுவரில் மாட்டி, அந்தப் பக்கமே தலை குனிந்து ஜெபிப்போம். ஜப்பானியர் வந்தபின், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லாரும் கிழக்கே திரும்பி அவர்களுடைய சக்கரவர்த்திக்குக் குனிய வேண்டும் என்று உத்தரவு. குனிந்தோம். மாமியாரும் குனிந்தார். அடிக்குப் பயந்த முதுகுகள் அவை.

ஒரு ஞாயிறு ஜப்பானிய அதிகாரி அவ்வழியே வந்தான். கொட்டகை வாசலில் தொப்பியைக் கழற்றி, எங்களோடு சேர்ந்து கிழக்கே குனிந்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகப் போனான். யாரும் ஏவாமலே நாங்கள் அவன் சக்கரவர்த்தியை வணங்குவதாக நினைத்துவிட்டான்.

எங்களை வேலை வாங்கும் தோட்டத்துக் கங்காணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜப்பானியர் சயாம் காட்டில் போட்ட, போனவர் பலர் திரும்பாத ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. யார் போவது என்று பெயர் சொல்பவர் அவர்தான்.

“பொழச்சீங்க அக்கா! அப்படியே விட்டுடுங்க. உங்க மவன் பேரு சயாமுக்குப் போகாது. நான் இருக்கேன்லா!”

“நீ இருக்கே தம்பி. உன்னை யாரு வச்சிருக்கா?” என்றார் மாமியார்.

அந்த மகன் என் கணவர். என் மடியில் எங்கள் கைக்குழந்தை. மறு ஞாயிறு மாமியார் சிலுவையைக் கழற்றியபோது நான் அழுதேன். “அத்தே, நாம யாரைக் கும்பிடுறோம்னு சாமிக்குத் தெரியாதா? அது அங்கயே இருக்கட்டும்.”

“சாமிக்குத் தெரியும். அந்த ஆளுக்குத்தான் தெரியல. பிரட்டுல என் முதுகைத்தான் வளைக்கிறான். இந்த ஜெபத்தையும் அவனுக்கே குடுத்துட்டா எனக்குன்னு என்னம்மா இருக்கு?”

என் கணவர் பெஞ்சை மேற்குச் சுவருக்கு நகர்த்தினார். அந்தச் சுவருக்கு அப்பால் மாட்டுக்கொட்டகை.

“மாட்டையா கும்பிடப் போறீங்க?” என்றார் கங்காணி.

“எங்க சாமி பொறந்ததே அங்கதான் தம்பி!”

அதிகாரி மீண்டும் வந்தான். ஏன் திரும்பி நிற்கிறார்கள் என்று கேட்டான். வெயிலில் கண் கூசுகிறதாம் என்று கங்காணி மலாயில் சமாளித்தார். மாமியாருக்கும் மலாய் தெரியும். “புக்கான், துவான்,” இல்லை ஐயா என்று எழுந்தார். நாங்கள் வணங்குவது உங்கள் ராஜாவை அல்ல, அவரையும் படைத்தவரை என்றார். முதல் அறை பொய் சொன்ன கங்காணிக்கு. அடுத்தது மாமியாருக்கு. அந்த வாரமே என் கணவரின் பெயர் கூப்பிடப்பட்டது.

லாரியடியில் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னை எந்த மனுசன் கையிலயும் நான் குடுக்கல, ராசா.”

“தெரியும்மா. புள்ளைய மேற்க பாத்தே வளக்கணும்,” என்று சிரித்தார் என் கணவர்.

அவர் திரும்பி வரவில்லை. மாமியார் வாயை மூடிக்கொண்டிருந்தால் மகன் பிழைத்திருப்பார் என்று பக்கத்துப் பட்டணமான சுங்கைப் பட்டாணியில் இன்றும் என் காதுபடச் சொல்பவர்கள் உண்டு. அந்த ரயில் பாதையைப் பற்றி அச்சில் வந்ததைக் கிடைத்த மட்டும் படித்திருக்கிறேன். ஒரு கங்காணியின் வாக்கு ஒரு லாரியை நிறுத்தியதாக எங்கும் கண்டதில்லை. எங்கள் கங்காணியின் சொந்தத் தம்பியே அடுத்த லாரியில் ஏறினார். அவர் எங்களை நம்பச் சொன்ன பலம் அவ்வளவுதான்.

கணவர் போன மறு ஞாயிறு கொட்டகைக்கு வேறு ஒருவரும் வரவில்லை. மாமியார் மேற்கே பார்த்து முழந்தாளிட்டார். கோபம் தீராமலே நானும் குழந்தையோடு பக்கத்தில் முழந்தாளிட்டேன். “ஆண்டவரே, உம்மைத் தவிர எங்களுக்கு ஆளில்லை,” என்று தொடங்கினார். வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை உயர்த்தினார்.