முறைப்பாடு இல்லாத தெரு

வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் முறைப்பாடுகளைப் பதிந்து வைக்கிற லிகிதராக இருந்தவன் நான். தண்ணீர் வராத தெருவில் குடியிருந்தவனும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

எங்கள் தெரு ஹந்தானை மலைப் பக்கம் செங்குத்தாக ஏறும். மழை பிந்தினால் குழாயில் காற்றுதான் வரும். அந்த நாட்களில் அலுவலகத்தின் ஒரே பவுசர் வண்டி தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்தத் தெருவுக்கு முதலில் என்பதில்தான் சண்டையெல்லாம்.

அந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து புதிய பொறியியலாளர் ஒருவர் மாற்றலாகி வந்தார். இளவயது, நல்ல மனிதர், சிபாரிசு என்றாலே முகம் சுளிப்பார். வந்த வாரமே நகரத்தின் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, எழுத்தில் வருகிற ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தச் சொன்னார். ஊசி நெருக்கமாக இருக்கிற இடத்துக்கு பவுசர் முதலில் போகும். ஆள் பார்த்து அனுப்புகிற பழைய வழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று நானும் மகிழ்ந்துதான் போனேன். ஊசி குத்துகிற வேலை எனக்கு.

நகரத்தின் நடுவே இருக்கிற குளத்துக்கு அந்தப் பக்கம், ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள் நிறைந்த ஒரு தெரு. அதில் ஒருவரிடம் தட்டச்சு இயந்திரமே இருந்தது. தண்ணீர் மெல்ல வருகிறது என்று ஒரு கடிதம் எழுதுவார். வேகமாக வந்து வாளி கவிழ்ந்தது என்று மறு கடிதம். பவுசர் சாரதி ஹோன் அடித்து நாயை எழுப்பிவிட்டார் என்று இன்னொன்று. எல்லாம் முறைப்பாடுதான், எல்லாவற்றுக்கும் ஊசிதான். வரைபடத்தில் அந்தத் தெருவுக்கு அம்மை போட்டது போலாகிவிட்டது. எங்கள் தெரு வெள்ளை வெளேரென்று கிடந்தது.

எங்கள் தெருக்காரர்கள் முறையிடவில்லை என்றா நினைக்கிறீர்கள்? என் உயிரை வாங்கினார்கள். காலையில் பல் துலக்கும்போது மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரியும். பஸ் தரிப்பில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். சலூன்காரர் என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே தண்ணீர்ப் பேச்சை எடுப்பார். ஆனால் ஒருவரும் எழுதித் தர மாட்டார்கள். முறைப்பாட்டு மேசையில் தங்கள் தெருக்காரன் உட்கார்ந்திருக்க, அங்கே எழுதிக் கொடுப்பது என்னையே காட்டிக்கொடுப்பதாகும் என்பது அவர்கள் நினைப்பு.

பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவரைத் தெருவே நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும்; அவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். அவருடைய மூத்த மகளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சாப்பாடு வீட்டிலேதான். அக்குறணையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். புரியாணிச் சட்டிகள் முற்றத்தில் வந்து இறங்கிவிட்டன, ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. சம்பந்திகள் முன்னால் தலைகுனிய வேண்டி வருமோ என்று மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

பொறியியலாளரிடம் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வரைபடத்தைக் காட்டினார்.

“இஞ்ச பாருங்கோ, உங்கட றோட்டில ஒரு ஊசியும் இல்லை. நீங்கள் அங்க இருக்கிறியள் எண்டதுக்காக நான் பவுசர் அனுப்பேலாது.”

நியாயமான மனிதரிடம் வாதாடுவதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. வீட்டுக்கு வந்து நானாவிடம் கெஞ்சினேன், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று. யோசித்துச் செய்வதாகச் சொன்னார்.

மறுநாளே கடிதம் வந்தது. தெரு முழுவதும் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆசையோடு பிரித்தேன். அடியேனின் சேவை அளப்பரியது என்று இருந்தது. இப்படிப்பட்ட ஊழியரை வைத்திருக்கும் மேலதிகாரிக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்றும் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, பெரியவர் மனம் குளிர்ந்தால் தண்ணீர் தானாக வரும் என்று நானா விளக்கம் சொன்னார்.

பொறியியலாளர் மனம் உண்மையிலேயே குளிர்ந்தது. தன் கையாலேயே எங்கள் தெருவில் ஒரு பச்சை ஊசியைக் குத்தினார். திருப்தியான தெரு என்று அர்த்தமாம். எங்களுக்கு மிஞ்சியிருந்த பவுசர் முறையும் குளத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மனைவி தானே முறைப்பாடு எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தாள். மனைவி எழுதிக் கணவன் ஊசி குத்தினால் நன்றாகவா இருக்கும் என்று தடுத்தேன். அவள் அன்றிரவு சொன்னதற்கெல்லாம் ஊசி குத்தியிருந்தால் வரைபடம் கிழிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே தெரு முழுவதும் வாளியும் குடமுமாக, மலையூற்று நீர் கொட்டுகிற அடிவாரத்துப் பீலிக்கு இறங்கியது. மூச்சு வாங்க வாங்கச் சுமந்து ஏற்றினோம். சமையலுக்கும் குடிக்கவும் ஒருவாறு போதுமாக இருந்தது. நானா என் அலுவலகத்தையே அழைத்திருந்தார். பொறியியலாளரும் கழுத்துப் பட்டியோடு மேடேறி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, என்னோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து புரியாணியை நன்றாகவே சாப்பிட்டார்.

சாப்பிட்ட பின் இருந்த இடத்திலேயே கைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். நானாவின் மச்சான் செம்போடு வந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் ஊற்றினார். எங்களிடம் வந்து கவிழ்த்தபோது நாலு சொட்டு விழுந்தது. இதோ வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. பொறியியலாளர் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து நானா ஓடி வந்து குனிந்து நின்றார். “ஏதும் கொற ஈக்கா சேர்?”

நெய் மணிக்கட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

“சீச்சீ, ஒரு குறையும் இல்லை. எல்லாம் திறம்.”

சொல்லி முடித்தவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்கட றோட்டில எல்லாரும் இப்பிடித்தானோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க சேர். எல்லாரும் இப்படித்தான்.”

தூக்கிய கையோடு அவரைப் பீலிக்கு அழைத்துக்கொண்டு இறங்கினேன். அங்கே இன்னும் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அவரைக் கண்டதும் விலகி வழிவிட்டு, தங்களுக்கு ஓர் அவசரமும் இல்லை, ஐயா ஆறுதலாகக் கழுவலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலையில் பவுசர் எங்கள் தெருவில் நின்றது.